நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாசலில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் கேட்டார்: "வைரஸைப் பத்தித்தானே பேசப்போறீங்க?" இல்லை ஐயா. வைரஸ் நம்மைக் கேட்காமல் வருகிறது. நான் பேசவந்த சரக்கு நம்மைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறது. கேட்டது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு வீடியோவைப் பார்க்க வேண்டும். அல்லது நான்கு பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இலவச மென்பொருள் ஒன்றைத் தேடி எடுத்து செட்டப்பை ஓட்டுகிறோம். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, நெக்ஸ்ட், ஃபினிஷ். மறுநாள் பிரவுசரைத் திறந்தால் முகப்புப் பக்கம் மாறியிருக்கிறது. எதைத் தேடினாலும் பெயரே கேள்விப்படாத ஒரு தேடுபொறி பதில் சொல்கிறது. திரையின் மூலையில் "உங்கள் கணினியில் ஆயிரத்துச் சொச்சம் பிழைகள், சரிசெய்யப் பணம் கட்டுங்கள்" என்று ஒரு பெட்டி எட்டிப்பார்க்கிறது. உடனே வீட்டில் இருக்கிற பையனைத்தான் திட்டுகிறோம், "என்னத்தையோ ஏத்தி வெச்சிருக்கான்" என்று.

சில ரேஷன் கடைகளில் அரிசி வாங்கப் போனால் டீத்தூளையும் சோப்பையும் சேர்த்து பில் போட்டுவிடுவார்கள் அல்லவா, அந்தக் கதைதான் இது. ஒரே ஒரு வித்தியாசம். அங்கே டீத்தூள் பாக்கெட்டைக் கண்ணால் பார்க்கிறோம், வேண்டாம் என்று சண்டையாவது போடலாம்.

இதையெல்லாம் செய்வது எங்கோ இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் திருட்டுக் கும்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணத்தை இன்றைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது ஆரக்கிள். உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று. சன் என்ற கணினி நிறுவனத்தை 2010-இல் வாங்கியபோது அதன் ஜாவா மென்பொருளும் சேர்ந்து ஆரக்கிள் கைக்கு வந்தது. சன் காலத்திலேயே ஜாவாவோடு கூகுள் டூல்பாரைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஆரக்கிள் காலத்தில் அந்த இடத்துக்கு ஆஸ்க் டூல்பார் வந்தது. ஜாவாவை இன்ஸ்டால் செய்யும்போது நடுவில் ஒரு பக்கம் வரும். அதில் ஒரு சின்னப் பெட்டி. டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். அதை எடுக்காமல் நெக்ஸ்ட் அழுத்தினால் டூல்பாரும் வரும், தேடுபொறியும் ஆஸ்க் ஆகிவிடும்.

2013 ஜனவரியில் எட் பாட் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பத்திரிகையாளர் இதை உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார். அவர் கண்டதுதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது. ஜாவா ஏறி முடிந்தது. டூல்பாரைக் காணோம். ஆஸ்கின் நிறுவி பின்னணியில் சத்தமில்லாமல் பத்து நிமிடம் காத்திருந்து, அதற்குப் பிறகுதான் தன் வேலையைத் தொடங்கியது. அந்தப் பத்து நிமிடத்தை யோசித்துப் பாருங்கள். "அடடா, டிக்கை எடுக்க மறந்துட்டோமே" என்று ஒருவர் உடனே கன்ட்ரோல் பேனலுக்குப் போனால் அங்கே நீக்குவதற்கு ஒன்றுமே இருக்காது. சரி, வரவில்லை போலிருக்கிறது என்று நிம்மதியாக மூடிவிடுவார். அதன்பிறகு அது வரும். இந்தத் தாமதம் எதற்காக என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே ஜனவரியில் ஜாவாவில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியாகி, பிரவுசரில் ஜாவாவை முடக்கி வைக்கும்படி அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே சொல்லியிருந்தது. ஓட்டையை அடைக்க அப்டேட் வந்தது. அப்டேட் செய்யப் போனவருக்கும் அதே டிக் போட்ட பெட்டி. போன தடவை கவனமாக எடுத்திருந்தாலும் இந்தத் தடவை மறுபடி எடுக்க வேண்டும். பாதுகாப்புக்கான அப்டேட்டை வைத்து டூல்பார் விற்றார்கள். நம் நாட்டில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய ஜாவாவில் ஓடும் கருவியைத் துறையே கொடுத்த காலம் அது. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், ஆபீஸ் கணினியில் ஆஸ்க் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கியிருக்கும்.

2015 ஜூனில் மைக்ரோசாஃப்ட் ஆஸ்க் டூல்பாரின் பழைய பதிப்புகளை வேண்டாத மென்பொருள் என்று வகைப்படுத்தி நீக்கத் தொடங்கியது. அதே மாதம் ஆரக்கிள் யாஹூவோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. பெட்டி அப்படியே இருந்தது, டிக்கும் இருந்தது, பெயர் மட்டும் மாறியது. அடோபியும் ஃபிளாஷ் பிளேயரைத் தரவிறக்கும் பக்கத்திலேயே மெக்காஃபி ஸ்கேனருக்கு டிக் போட்டு வைத்திருந்தது.

பெரிய நிறுவனங்கள் இந்தச் சில்லறைக்கு ஏன் ஆசைப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். சில்லறை இல்லை. டிவ்எக்ஸ் என்ற வீடியோ மென்பொருள் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தன் இலவச மென்பொருளோடு யாஹூ டூல்பாரைக் கொடுத்துவந்தது. 2008-ஆம் ஆண்டின் முதல் ஒன்பது மாதத்தில் யாஹூவும் பிற நிறுவனங்களுமாக அதற்குக் கொடுத்த தொகை 1 கோடியே 57 லட்சம் டாலர். நீங்கள் மென்பொருளுக்கு ஒரு பைசா தரவில்லை. ஆனால் உங்கள் தேடல் பெட்டி கைமாறியது, அதற்கு ஒருவர் பணம் கொடுத்தார். தேடும் ஒவ்வொரு சொல்லும் விளம்பரத்தைக் கொண்டுவரும், விளம்பரம் காசைக் கொண்டுவரும். அந்த வருமானத்தின் சுவை தெரிந்த டிவ்எக்ஸ் ஆட்கள் சிலர்தான் பிறகு ஓப்பன்கேண்டி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மற்ற இலவச மென்பொருள்காரர்களும் தங்கள் செட்டப்புக்குள் சொருகிக்கொள்ள ஒரு துண்டு நிரலைக் கொடுப்பது அதன் தொழிலாக இருந்தது.

இந்த வகைத் துண்டு நிரல் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். செட்டப்பை ஓட்டியதும் அது முதலில் தன் தலைமைக் கணினியோடு பேசும். இந்த ஆள் எந்த நாடு, என்ன பிரவுசர், எந்த ஆன்டிவைரஸ் வைத்திருக்கிறார், என்னென்ன ஏற்கெனவே ஏறியிருக்கிறது என்று சொல்லும். அங்கே இருக்கும் விளம்பரதாரர் பட்டியலிலிருந்து இந்த ஆளுக்குப் பொருத்தமான இரண்டு மூன்று "சலுகைகள்" திரும்பி வரும். அதனால்தான் ஒரே செட்டப்பை இரண்டு பேர் ஓட்டினால் இரண்டு பேருக்கும் வேறு வேறு சரக்கு வரும். "எனக்கு அப்படி ஒண்ணும் வரலையே" என்று நண்பர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. சில நிறுவிகள் குறிப்பிட்ட ஆன்டிவைரஸ் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அடக்கி வாசிக்கும். நீங்கள் நெக்ஸ்ட் அழுத்தி அந்தச் சலுகை உங்கள் கணினியில் ஏறியதும் ஒரு கணக்கு பதிவாகும். ஒரு இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று கூலி.

இந்தக் கூலியைக் கணக்கெடுத்தவர்களும் உண்டு. கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓராண்டு இந்த வலைப்பின்னல்களைக் கண்காணித்து 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. ஓர் இன்ஸ்டாலுக்கு 10 சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை விலை. அமெரிக்கக் கணினிக்கு விலை அதிகம், நம்மைப் போன்ற நாடுகளுக்குக் குறைவு. இப்படிப்பட்ட கட்டுகளைத் தரவிறக்க வாரத்துக்கு 6 கோடிக்கும் மேற்பட்ட முயற்சிகள் நடந்தன. வைரஸ் வகையறாக்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நாம் வைரஸுக்குப் பயந்து ஆன்டிவைரஸ் வாங்கிக்கொண்டிருந்தபோது, அதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சரக்கு நம் சம்மதத்தோடு ஏற வந்துகொண்டிருந்தது.

இதுவரை சொன்னவற்றில் மென்பொருளை வைத்திருந்தவர்களே சேர்த்துக் கட்டினார்கள். அடுத்து வருவது என்னைக் கேட்டால் இதைவிட மோசம். மென்பொருளை எழுதியவருக்கே தெரியாமல் நடுவில் இருப்பவர் கட்டுவது.

டவுன்லோட் டாட் காம் என்ற தளம் பலருக்கு நினைவிருக்கும். சிநெட் நிறுவனத்துடையது. பிரவுசிங் சென்டர் காலத்தில் எது வேண்டுமானாலும் அங்கேதான் போவோம். 2011-இல் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். அங்கிருந்த மென்பொருள்களைத் தங்கள் சொந்த நிறுவி ஒன்றுக்குள் பொதிந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். என்மேப் என்று ஒரு கருவி உண்டு. வலையமைப்புகளின் பாதுகாப்பைச் சோதிப்பவர்கள் பயன்படுத்துவது. அதை எழுதிய கார்டன் லயன் அந்த ஆண்டு டிசம்பரில் பார்க்கிறார், தன் மென்பொருளை அங்கிருந்து எடுப்பவருக்கு ஒரு டூல்பார் ஏறுகிறது, தேடுபொறி பிங்காக மாறுகிறது, முகப்புப் பக்கம் எம்எஸ்என் ஆகிறது. பாதுகாப்புக் கருவி தேடி வந்தவருக்கே இந்தக் கதி. அவர் பகிரங்கமாகக் கொதித்தார், சிநெட் மன்னிப்புக் கேட்டது.

சோர்ஸ்ஃபோர்ஜ் கதை இன்னும் வருத்தமானது, ஏனென்றால் அது நம்முடைய இடம் என்று ஒரு தலைமுறையே நினைத்திருந்தது. 1999-இல் தொடங்கிய தளம். திறந்த மூல மென்பொருள் எழுதுபவர்கள் காசில்லாமல் தங்கள் நிரலை வைத்துக்கொள்ளவும் மக்களுக்குக் கொடுக்கவும் இடம் தந்தது. 2012-இல் டைஸ் என்ற நிறுவனம் ஸ்லாஷ்டாட் உள்ளிட்ட சில தளங்களோடு சேர்த்து 2 கோடி டாலருக்கு அதை வாங்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் டெவ்ஷேர் என்று ஒரு திட்டம் வந்தது. உங்கள் மென்பொருளோடு நாங்கள் விளம்பரச் சரக்கைக் கட்டுகிறோம், வருமானத்தில் பங்கு தருகிறோம், விருப்பமிருந்தால் சேருங்கள். சிலர் சேர்ந்தார்கள். படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பின் குழு சேரவில்லை. அந்தத் தளத்தில் டவுன்லோட் பொத்தான் போலவே தோன்றும் விளம்பரங்கள் வருவதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 2013 நவம்பரில் விண்டோஸ் பதிப்பைத் தங்கள் சொந்தத் தளத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

போனவர்கள் போனார்கள், பழைய பக்கம் அங்கேயே கிடந்தது. 2015 மே மாதம் சோர்ஸ்ஃபோர்ஜ் அந்தப் பக்கத்தைத் தன் நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்டு, ஜிம்ப்பின் நிறுவியோடு விளம்பரச் சரக்கைக் கட்டிக் கொடுத்தது தெரியவந்தது. "கைவிடப்பட்ட திட்டம், அதனால் நாங்கள் பராமரிக்கிறோம்" என்றார்கள். கைவிடவில்லை, உங்களைத்தான் கைவிட்டோம் என்றது ஜிம்ப் தரப்பு. சில நாட்களிலேயே சோர்ஸ்ஃபோர்ஜ் பின்வாங்கியது. 2016 ஜனவரியில் தளம் வேறு கைக்கு மாறியது, புதியவர்கள் அடுத்த மாதமே டெவ்ஷேரை மூடினார்கள். அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் இடையில் போன நம்பிக்கை முழுதாகத் திரும்பவில்லை. பல திட்டங்கள் கிட்ஹப் என்ற தளத்தின் பக்கம் போய்விட்டன.

இந்தக் கதைகளை நான் அடுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. இலவச மென்பொருள் எதை எடுக்கும்போதும் நான் இரண்டே கேள்விதான் கேட்டுக்கொள்வேன். எழுதியவருக்கும் எனக்கும் நடுவில் எத்தனை கை இருக்கிறது? எழுதியவருக்குச் சோறு எங்கிருந்து வருகிறது? நடுவில் இருக்கும் கை சும்மா இருக்காது. சோற்றுக்கு வழி தெரியாத இலவசம் என்றால் இன்ஸ்டால் திரையில் அதன் வழி தெரியும்.

இனி அந்தத் திரைக்கு வருவோம். பல ஆண்டுகளாக இந்தத் திரைகளை ஒரு பொழுதுபோக்காகவே பார்த்துவருகிறேன், வேண்டுமென்றே ஒரு பழைய கணினியில் ஓட்டி. அதை வடிவமைத்தவர்களின் திறமையை மெச்சத்தான் வேண்டும். "எக்ஸ்பிரஸ் இன்ஸ்டால், பரிந்துரைக்கப்படுகிறது" என்று தடித்த எழுத்தில் ஒன்று. அதற்குக் கீழே "கஸ்டம் இன்ஸ்டால், தேர்ந்தவர்களுக்கு மட்டும்" என்று வெளிறிய சாம்பல் எழுத்தில் இன்னொன்று. சாதாரண ஆள் நாம் எங்கே தேர்ந்தவர் என்று முதலாவதை விட்டுவைப்பார். சரக்கு முழுக்க அதில்தான் இருக்கும். இரண்டாவதைத் தொட்டால்தான் டிக் பெட்டிகளே கண்ணுக்குத் தெரியும். நீங்கள் தேர்ந்தவரோ இல்லையோ, இனி எப்போதும் கஸ்டத்தையே தொடுங்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை, எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்று கேட்கும், அதை அப்படியே விட்டுவிடலாம்.

அடுத்த திரையில் ஒரு நீண்ட ஒப்பந்தம். கீழே "அக்ஸெப்ட்", "டிக்ளைன்" என்று இரண்டு பொத்தான்கள். முந்தைய திரையிலும் இதே அமைப்பு, அது நீங்கள் தேடிவந்த மென்பொருளின் ஒப்பந்தம், அதற்குச் சம்மதித்தால்தான் வேலை நடக்கும். இந்தத் திரையில் இருப்பது வேறு யாரோ ஒருவரின் ஒப்பந்தம். தோற்றம் ஒன்றுதான், எழுத்தளவு ஒன்றுதான், மேலே பெயர் மட்டும் வேறு. டிக்ளைன் அழுத்தினால் எல்லாமே நின்றுவிடுமோ என்று கை தயங்கும். நிற்காது. அழுத்துங்கள், அடுத்த திரை வரும். பெயரை மட்டும் படியுங்கள், முழு ஒப்பந்தத்தையும் படிக்கச் சொல்லி உங்களை நான் வதைக்கமாட்டேன். நானும் படிப்பதில்லை.

சில இடங்களில் நேர்மையாகவே எழுதி வைத்திருப்பார்கள், நாம்தான் பார்ப்பதில்லை. ஃபைல்ஜில்லா என்று கோப்புகளை சர்வருக்கு ஏற்ற உதவும் மென்பொருள், இணையதளம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். அதன் சொந்தத் தளத்திலேயே பெரிய டவுன்லோட் பொத்தான் பல ஆண்டுகளாகக் கூடுதல் சலுகைகள் கட்டிய நிறுவியைத்தான் கொடுத்துவந்தது. அதில் சலுகைகள் சேர்ந்திருக்கலாம் என்று அங்கேயே எழுதியுமிருந்தது. கீழே சின்னதாக, மற்ற வழிகளைக் காட்டு என்று ஓர் இணைப்பு. அதைத் தொட்டால் வெறும் நிறுவி கிடைக்கும். எழுதுகிறவரும் பிழைக்க வேண்டும் அல்லவா, அதனால் இதை நான் மோசடி என்று சொல்லமாட்டேன். பெரிய பொத்தானைப் பார்த்ததும் கை தானாகப் போய் அழுத்துவதைத்தான் குறைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சுத்தம் செய்யும் மென்பொருள்களே இதில் அகப்பட்டுக்கொண்ட வேடிக்கையும் உண்டு. சிகிளீனர் நம்மூர் கணினி மெக்கானிக்குகளின் செல்லப்பிள்ளை. அதன் இலவசப் பதிப்பின் நிறுவி மற்றவர் மென்பொருள்களைச் சேர்த்துக் கொடுக்கிறது என்று சொல்லி 2020 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதையும் வேண்டாதவை பட்டியலில் சேர்த்தது.

டூல்பார் காலம் இப்போது ஏறக்குறைய முடிந்துவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரே 2022 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டது. இதைக் கேட்டு யாரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார வேண்டாம். இப்போதைய சிக்கல் இன்ஸ்டால் திரைக்கு முன்னாலேயே, தேடல் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது.

கூகுளில் ஒரு மென்பொருளின் பெயரை அடிக்கிறோம். முதலில் வருவது விளம்பரம். அந்த மென்பொருளின் பெயர், அதே படம், அதே போன்ற முகவரி. தொட்டால் அசல் தளத்தைப் போலவே ஒரு தளம். 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் இது ஓர் அலையாகவே அடித்தது. விஎல்சி, ஓபிஎஸ், 7-ஜிப், நோட்பேட் பிளஸ் பிளஸ் என்று நல்ல பெயர் வாங்கிய இலவச மென்பொருள்களின் பெயரில் போலி விளம்பரங்கள் வந்தன. அதில் ஏறுவது டூல்பார் இல்லை, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் நிரல். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே மக்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று அதில் ஓர் ஆலோசனை. ஒரு நாட்டின் காவல் அமைப்பே விளம்பரத்தைத் தடுத்துக்கொள் என்று சொல்லும் நிலை வந்தது.

முகவரியைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்பீர்கள். 2023 அக்டோபரில் கீபாஸ் என்ற பாஸ்வேர்டு மென்பொருளுக்கு ஒரு போலித் தளம் கிளம்பியது. முகவரியின் முதல் ஆங்கில எழுத்து சாதாரண எழுத்து இல்லை, அடியில் ஒரு குட்டிக் குறி போட்ட வேறு மொழி எழுத்து. திரையில் பார்த்தால் ஏதோ தூசி ஒட்டியிருக்கிறது என்றுதான் தோன்றும். கண்ணில் கோளாறு இல்லாதவரும் ஏமாறுவார்.

இந்தச் சூழலில் நம் நாட்டில் ஒன்று நடந்தது. விஎல்சி வீடியோ பிளேயரை உருவாக்கும் வீடியோலேன் பாரிஸில் மாணவர்கள் 1996-இல் தொடங்கிய ஒரு திட்டத்திலிருந்து வளர்ந்த லாப நோக்கமற்ற அமைப்பு. விளம்பரச் சரக்கைச் சேர்த்துக் கட்டப் பெருந்தொகை தருகிறோம் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதாக அதன் தலைவர் ஜான் பாப்டிஸ்ட் கெம்ப் சொல்லியிருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் விஎல்சியோடு ஒரு டூல்பார் வந்து நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், அதன் அசல் தளத்திலிருந்து எடுத்திருந்தால். அந்த அசல் தளம் 2022 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் திறக்கவில்லை. முன்னறிவிப்பு இல்லை, காரணமும் சொல்லப்படவில்லை. வீடியோலேன் சட்ட நோட்டீஸ் அனுப்பிய பிறகு நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் விஎல்சி தேவைப்பட்டவர் என்ன செய்திருப்பார்? தேடல் பக்கத்தில் அடுத்து வந்த ஏதோ ஒரு தளத்துக்குப் போயிருப்பார். எழுதியவருக்கும் நமக்கும் நடுவில் கையே இல்லாதிருந்த ஒரு நல்ல பாதையை அடைத்துவிட்டு மக்களைத் தரகர்களிடம் அனுப்பி வைத்தார்கள். பாதுகாப்பைக் கருதித் தடுத்திருந்தாலும் விளைந்தது அதற்கு நேர்மாறு என்பது என் கருத்து.

சரி, நாளைக்கு வீட்டில் என்ன செய்வது?

முதலில், அந்த டவுன்லோட் தேவையா என்று பாருங்கள். ஜிப் கோப்பைத் திறக்க விண்டோஸுக்கே தெரியும், 2023 இறுதியிலிருந்து விண்டோஸ் 11 ரார் கோப்பையும் திறக்கிறது. பிடிஎஃப்பைப் பிரவுசரே காட்டும். தமிழில் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருள் வேண்டும் என்று இன்னமும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2019 மே மாத அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-இலேயே, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக விழும் விசைப்பலகை இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். பழகிய அழகியையோ என்எச்எம் ரைட்டரையோ விட மனமில்லை என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அவற்றை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து எடுங்கள், "இலவச மென்பொருள் களஞ்சியம்" என்று பலகை மாட்டிய இடத்திலிருந்து வேண்டாம்.

தேவைதான் என்றால், அசல் தளத்தின் முகவரிக்கு விக்கிப்பீடியாவில் அந்த மென்பொருளின் பக்கத்தைப் பாருங்கள். விளம்பரத்தைத் தொட்டுப் போவதைவிட அது எவ்வளவோ மேல். கோப்பின் அளவையும் கவனியுங்கள். விஎல்சியின் விண்டோஸ் நிறுவி ஏறக்குறைய 40 எம்பி இருக்கும். அதே பெயரில் ஒன்றிரண்டு எம்பியில் ஒரு கோப்பு வந்தால் அதில் விஎல்சி இல்லை, விஎல்சியைப் பிறகு கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லும் ஒரு தரகர் இருக்கிறார். பெரிய நிறுவனங்கள் சிலவும் இப்படிச் சின்ன நிறுவி கொடுப்பதுண்டு, குரோம் அப்படித்தான் வரும். ஆனால் மூன்றாம் ஆளின் தளத்தில் இருந்து வந்தால் அப்போதே அழித்துவிடுங்கள்.

கோப்பை ஓட்டியதும் திரை மங்கி, "இந்த ஆப் உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா" என்று விண்டோஸ் கேட்கும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எஸ் அழுத்தும் இடம். அங்கே "வெரிஃபைட் பப்ளிஷர்" என்று ஒரு வரி இருக்கிறது. விஎல்சி என்றால் வீடியோலேன் என்று இருக்க வேண்டும். அங்கே நீங்கள் கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் இருந்தால் நோ. பெட்டியின் தலை மஞ்சளாகி, வெளியிட்டவர் யாரென்று தெரியாது என்று வந்தால் யோசிக்க வேண்டும். சிறிய திட்டங்கள் சில கையொப்பச் சான்றிதழுக்குக் காசு கட்ட முடியாமல் அப்படி வருவதுண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்களுக்கு விங்கெட் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் கூடவே வருகிறது. டெர்மினலைத் திறந்து விங்கெட் இன்ஸ்டால் என்று அடித்து மென்பொருளின் பெயரைக் கொடுத்தால், பெரும்பாலும் எழுதியவரின் தளத்திலிருந்தே கோப்பை எடுத்து, இடையில் மாறியிருக்கிறதா என்று சரிபார்த்து ஏற்றிவிடும். தேடல் பக்கமே கிடையாது, விளம்பரமும் கிடையாது. கறுப்புத் திரை பிடிக்காதவர்கள் நைனைட் என்ற தளத்துக்குப் போகலாம். வேண்டியவற்றில் டிக் போட்டால் ஒரே கோப்பாகத் தரும், டூல்பார் கேள்விக்கெல்லாம் அதுவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு ஏற்றும். 2009-லிருந்து இருக்கிறது. இது நடுவில் இருக்கும் கைதானே என்று கேட்டால், ஆமாம். ஆனால் இந்தக் கைக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று தெரியும், அலுவலகங்களுக்குக் கட்டணப் பதிப்பை விற்கிறார்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் என்று ஒரு பகுதி உண்டு. அதில் வேண்டாத ஆப்களைத் தடுக்கும் அமைப்பு 2021 ஆகஸ்டிலிருந்து தானாகவே இயங்குகிறது. யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். கிராக் மென்பொருள் ஏற்றித்தந்த தம்பி அணைத்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. கிராக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கூட்டம் இன்றைக்கு முடியாது.

ஏற்கெனவே ஏறிவிட்டது, என்ன செய்வது என்று பின்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார்கள். அதன் பெயரைப் போட்டு "நீக்குவது எப்படி" என்று தேடாதீர்கள். வரும் பக்கங்களில் பாதி, நீக்குகிறேன் என்று சொல்லி இன்னொரு மென்பொருளை உங்கள் தலையில் கட்டவே எழுதப்பட்டவை. செட்டிங்ஸில் இன்ஸ்டால் செய்த ஆப்களின் பட்டியலைத் திறந்து தேதி வரிசையில் அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளில் ஏறியவை ஒன்றாக நிற்கும், தெரியாத பெயர்களை எடுத்துவிடுங்கள். பிறகு பிரவுசரில் எக்ஸ்டென்ஷன்கள், தேடுபொறி, முகப்புப் பக்கம், நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்த தளங்கள். திரையில் மூலையிலிருந்து எட்டிப்பார்க்கும் பெட்டிகள் பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான், ஒருநாள் அவசரத்தில் அலோ கொடுத்திருப்போம். அதற்குப் பிறகும் முகப்புப் பக்கம் பிடிவாதமாக அதுவே வந்தால், டெஸ்க்டாப்பில் இருக்கும் பிரவுசர் ஐகானை வலது கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸில் டார்கெட் என்ற வரியின் கடைசி வரை போய்ப் பாருங்கள். பிரவுசரின் கோப்புப் பெயருக்குப் பிறகு ஒரு இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அழிக்க வேண்டும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை, விண்டோஸையே மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால் மால்வேர்பைட்ஸின் ஆட்வ்கிளீனர், இலவசம், இன்ஸ்டால் செய்யாமலேயே ஓடும். எங்கிருந்து எடுப்பது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

லேப்டாப் கொண்டுவந்திருப்பவர்கள் ஐந்தாறு பேர் தெரிகிறீர்கள். நூலகம் மூட இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. சார்ஜரோடு முன்வரிசைக்கு வாருங்கள், முதலில் அந்தத் தேதி வரிசையைத் திறந்து பார்ப்போம்.